நடுவில் செருகிய எட்டு பைட்

என் வேலை என்னவென்று எங்கள் சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. "கம்ப்யூட்டர் ஜோலி" என்று சொல்லிவிட்டால் பாறசாலைப் பக்கம் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்றால் மட்டும் ஒரு பார்வை விழும். அப்படியானால் நீ சும்மாதானே இருக்கிறாய், ஞாயிறு பள்ளிக்கு வந்து பாட்டுச் சொல்லிக்கொடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தமாக்கும்.

இங்கேயாவது சொல்லித் தொலைக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி. ஊர் ஊராக இன்டர்நெட் கொடுக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் பெரிய ரூட்டர் பெட்டிகள் செய்கிறது. அந்தப் பெட்டிக்குள்ளே இரண்டு குடித்தனம். கீழே கர்னல், கம்பியில் வருவதும் போவதும் அதன் கையில். மேலே புரோகிராம்கள், அவை கர்னலைக் கேட்டுக் கேட்டுத்தான் பிழைக்கும். "இந்த வீட்டு கனெக்‌ஷன் விவரம் சொல்லு" என்று ஒரு புரோகிராம் கேட்டால், கர்னல் எண்களை வரிசையாக அடுக்கி நீட்டும். பக்கத்தில் பேர் எழுதித் தராது, வெறும் எண்தான். எந்த இடத்தில் எது இருக்கும் என்று எழுதி வைத்த கோப்புக்கு ஹெட்டர் என்று பேர். புரோகிராமை உருவாக்குகிற அன்றைக்கு ஒரு தடவை அந்த ஹெட்டரைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் அந்தப் புரோகிராம் அதைத் திரும்பிப் பார்க்காது. முதல் எட்டு பைட் இது, அடுத்த எட்டு பைட் அது என்று சாகிற வரைக்கும் அதே நம்பிக்கை.

ஆகவே எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் உண்டு. வெளியே கொடுத்துவிட்ட ஹெட்டரில் இருப்பதை இடம் மாற்றாதே. புதிதாக ஒரு எண் சேர்க்க வேண்டுமா, கடைசியில் சேர். எங்கள் சபையில் பெஞ்சு மாதிரிதான். புதிதாக வருகிறவர் பின்னால் போய் உட்கார வேண்டும். மூன்றாவது பெஞ்சில் காலங்காலமாக உட்காரும் குடும்பத்தின் நடுவில் போய்ச் செருகிக்கொண்டால், அன்றைக்கு யார் காதிலும் பிரசங்கம் ஏறாது.

நான் செருகினேன்.

ஏன் என்று கேட்டால், அழகாக இருந்தது. எனக்கு அந்த வியாதி உண்டு. அடுக்களையில் மிளகுச் சாடிக்குப் பக்கத்தில் சீனிச் சாடி இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வரிசையில் முதலில் வீட்டு எண், அடுத்து அந்த வீடு எவ்வளவு நேரமாகச் சும்மா கிடக்கிறது என்பது, அதற்கடுத்து எவ்வளவு டேட்டா இழுத்தது என்பது. வழியில் தவறிப்போன பாக்கெட் எத்தனை என்று புதிதாக ஒரு எண் சேர்க்கச் சொன்னார்கள். வீட்டு எண், உடனே அந்த வீட்டுக் கோளாறு, பிறகு மற்றதெல்லாம் என்று வைத்தால் வாசிக்க என்ன லட்சணம்! வைத்தேன். எங்கள் கம்பெனிப் புரோகிராம்களையெல்லாம் புது ஹெட்டரோடு மறுபடி உருவாக்கித்தான் சோதிப்போம், அதனால் எல்லாம் பாஸ். மேலதிகாரி "சுத்தமான வேலை" என்று எழுதினார். நான் அன்றைக்குப் பழம்பொரி வரவழைத்துத் தின்றேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பெட்டி ஒன்று என் சொந்த அண்ணனிடமும் இருந்தது.

அண்ணன் ஆரியங்கோடு முதல் தனுவச்சபுரம் வரை கேபிள் டிவி காலத்திலிருந்தே கம்பி இழுத்தவன். இப்போது இன்டர்நெட். ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை, அதில் ஒரு ஏசி, ஒரு பெட்டி. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மாசம் முடியும் வரை வேகத்தைக் குறைத்துவிடும் ஒரு புரோகிராம் அந்தப் பெட்டியில் ஓடியது. அதை எழுதியவர் அண்ணனின் பழைய கூட்டாளி. போஸ்டில் ஏறுவது அண்ணன், பெட்டியைப் பார்ப்பது அவர் என்று பதினைந்து வருஷம் சேர்ந்து கிடந்தவர்கள். நான் அவரைச் சேட்டா என்றுதான் கூப்பிடுவேன். திருப்புறத்துக்காரர். எங்கள் சபைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் வீட்டில் அந்திக்கு விளக்கு வைத்து நாமம் சொல்வார்கள்.

அந்தக் கூட்டு முறிந்த கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபைக் கன்வென்ஷனை நேரலையில் காட்டினார்கள். வளைகுடாவிலிருந்து பாதி ஊர் பார்த்தது. போதகர் ஆரம்பித்தார், ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மூன்று நாள் கன்வென்ஷன், மூன்றாம் நாள் பிரசங்கத்தின் நடுவில் சபையின் டேட்டா எல்லை தீர்ந்துபோனது. புரோகிராம் தன் கடமையைச் செய்தது. போதகர் வாயைப் பிளந்தபடி, ஒரு கையைத் தூக்கியபடி, உலகமெங்கும் அப்படியே உறைந்து நின்றார். சபைக்கு மட்டும் எல்லையை எடுத்துவிடு என்று அண்ணன் போனில் கத்த, "லிமிட்னா எல்லாருக்கும் லிமிட்தான்டே" என்று சேட்டன் சொல்ல, மறுநாள் பேக்கரி வாசலில் வைத்து அண்ணன் கண்டபடி பேசிவிட்டான். "உனக்க புரோகிராமுக்கும் அறிவில்ல, உனக்கும் அறிவில்ல" என்று தொடங்கி எங்கெங்கோ போனது. அவர் மாடியறைச் சாவியைப் பேக்கரி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றோடு பேச்சுவார்த்தை கிடையாது. புரோகிராம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

புது கர்னலைப் பெட்டியில் போடச் சொன்னதும் நான்தான். "பாதுகாப்பாக்கும், தள்ளிப்போடாதே" என்று அண்ணனை விரட்டி விரட்டிப் போடவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

"எட்டி, நீ என்ன எளவைப் போடச் சொன்னே?"

ஆரியங்கோட்டில் ஒரு வீடு ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். எப்போதாவது கேமராவில் தன் ரப்பர் ஷீட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்வார், அவ்வளவே. அந்த வீடு எல்லைமீறி டேட்டா இழுத்ததாகப் புரோகிராம் பிடித்துப் போட்டுவிட்டது. தனுவச்சபுரத்தில் காலேஜ் பிள்ளைகள் ஹாஸ்டல் ஒன்று உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் படம் இறக்குகிற கூட்டம். அவர்கள் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். குடும்ப ஜெபத்துக்காக எல்லாரும் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்த வீடுகளில் ஆமென் சொல்லி எழுந்து பார்த்தால் நெட் நத்தையாகியிருந்தது. விளக்கு வைத்து நாமம் சொன்ன வீடுகளிலும் அதே கதி. பக்தியாக இருந்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தது அந்தப் புரோகிராம்.

"அதை நிறுத்திப் பாரு" என்றேன். நிறுத்தினான். அரை மணி நேரத்தில் ஹாஸ்டல்காரர்கள் மொத்தத்தையும் குடித்துவிட்டார்கள், ஒரு வீட்டிலும் ஒன்றும் திறக்கவில்லை. பழைய கர்னலையே திருப்பிப் போடலாம் என்றால் அதுவும் முடியாது. பழசுக்குப் போகவே முடியாதபடி பாதுகாப்புப் பூட்டு ஒன்று போட்டிருக்கிறோம். அதையும் எங்கள் கம்பெனிதான் செய்தது, என்னத்தைச் சொல்ல.

இதற்குள் பெரிய கம்பெனி ஆட்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஜங்ஷனில் நின்று ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் ஃபைபர் ஏற்கெனவே போஸ்டில் தொங்குகிறது. "திங்கக்கெழம வரைக்கும் பாப்போம்" என்று வாடிக்கையாளர்கள் அண்ணனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை போனால் லைன் போச்சு. அவனுக்கு வேறு தொழில் தெரியாது, ஐம்பது வயதில் இனி எங்கே போய் எதைப் படிப்பான்.

"மக்கா, இது அவனுக்க வேலையாக்கும்" என்றான் அண்ணன். "போகும்போது குண்டு வச்சிட்டுப் போயிருக்கான். இப்ப வெடிக்குது."

நானும் நம்பினேன், வெட்கம் கெட்டவள். என் கர்னல் சோதனை எல்லாம் பாஸ் ஆனது. ஆகவே தப்பு அந்த மனுஷன்மேல்தான் இருக்க வேண்டும். அந்தப் புரோகிராமின் சோர்ஸ், அதாவது அவர் கையால் எழுதிய மூலம், கிடைத்தால் பிரித்துப் பார்த்துவிடலாம். எங்களிடம் இருந்தது ஓடுகிற வடிவம் மட்டும்தான். அதைத் திறந்து மனுஷர் வாசிக்க முடியாது. சோர்ஸை அவரிடம் கேள் என்றேன்.

"அவனுட்ட போய் நிக்கதுக்குப் பதிலா நான் லைனை விட்டுட்டு வீட்டுல இருப்பேன்" என்றான். சொன்னபடி செய்யக்கூடியவன்தான். ஒரு தடவை பல்வலிக்கு டாக்டரிடம் கோபித்துக்கொண்டு பல்லோடே திரும்பி வந்தவன்.

அண்ணனிடம் சொல்லாமல் வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்பை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு திருப்புறம் போனேன். வழிநெடுக என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று வெறி. சேட்டன் இப்போது இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் குந்தி உட்கார்ந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தும் நான் விடவில்லை.

"ஆறு வருஷம் கழிச்சு வெடிக்க மாதிரி வைக்கதுக்கு நல்ல மூளை வேணும் சேட்டா. ஒரு குடும்பத்துக்க சோத்துல மண்ணு போட்டாச்சு. இப்ப சந்தோஷம்தானே?"

கடையில் நின்ற ஒருவர் மெல்ல நழுவினார். சேட்டன் தண்ணீர்க் கேனை மூடினார்.

"இரி மோளே. சாய குடிக்கியா?"

"சாய வேண்டாம். சோர்ஸ் வேணும்."

"முதல்ல என்ன நடக்குதுன்னு காட்டு."

அங்கிருந்தே நெட் வழியாகப் பெட்டியோடு இணைத்து, பூட்டிக் கிடக்கும் வீட்டின் எண்களைத் திரையில் ஓடவிட்டேன். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார்.

"ஆளில்லாத வீடு, ஒரே சீரா கூடுது. ஒரு செக்கண்டுக்கு நூறு கோடி. கூடல்ல, குறையல்ல." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது டேட்டா இல்ல மோளே. இது கடிகாரமாக்கும். நானோ செக்கண்டு."

சும்மா கிடந்த நேரம்! அந்த வீடு எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்கிற எண்ணை, எவ்வளவு டேட்டா இழுத்தது என்று அவர் புரோகிராம் வாசித்துக்கொண்டிருந்தது. எட்டு பைட் தள்ளிப்போயிருக்கிறது. ஹாஸ்டல்காரர்கள் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை, ஆகவே அவர்கள் யோக்கியர்கள். கண்ணை மூடி ஜெபித்தவர்களெல்லாம் கொள்ளைக்காரர்கள்.

"ஹெட்டரைக் காட்டு" என்றார்.

காட்டாமல் இருக்க ஏதாவது சாக்கு கிடைக்குமா என்று யோசித்தேன், சத்தியமாக. கிடைக்கவில்லை. திறந்து காட்டினேன். விரலை வைத்து வரிவரியாக இறங்கியவர் இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

"இது எனக்க காலத்துல இல்ல. இதை ஆரு நடுவுல செருகினது?"

மாற்றங்களின் பட்டியலில் மாற்றியவர் பேர் இருக்கும். அது அவருக்கும் தெரியும். தட்டினார். என் பேர் வந்தது, கூடவே மேலதிகாரியின் "சுத்தமான வேலை"யும். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

"சோர்ஸ் தந்தா புது ஹெட்டரோட ஒரு தடவ உருவாக்கிடலாம் சேட்டா" என்றேன், இருந்த குரலில்.

"சோர்ஸ் இல்ல."

"இல்லன்னா?"

"பழைய லேப்டாப்பைக் கொடுத்தப்ப அதோட போச்சு. நான் வச்சுக்கிடல்ல."

எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது, என் கோபத்துக்கு நேரம் காலம் கிடையாது. "எழுதினதைப் பத்திரமா வைக்காண்டாமா? என்ன ஆளு நீங்க?" என்றேன்.

அவர் ஹெட்டரை மேலே நகர்த்தினார். முதல் வரிக்கும் மேலே ஒரு குறிப்பு இருக்கும். இந்த வரிசை ஒருபோதும் மாறாது, புதியவை கடைசியில் மட்டுமே சேர்க்கப்படும் என்று. நான் நாள்தோறும் தாண்டிப்போகிற குறிப்பு. ஆஸ்பத்திரியில் "அமைதி காக்கவும்" என்று எழுதியிருப்பதை எத்தனை பேர் வாசிக்கிறோம்?

"நான் இதை வாசிச்சேன் மோளே" என்றார். "மாறாதுன்னு நீங்க எழுதி வச்சிருக்கியே. பின்னே நான் எதுக்கு வச்சுக்கிடணும்?"

ஊரிலெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவள், ஒரு இன்வெர்ட்டர் கடையில் பேட்டரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வேண்டாமென்ற சாயாவை நானே கேட்டேன். சாயா வந்தது, குடித்தேன்.

புறப்படும்போது கேட்டார். "குண்டு வச்சேன்னு சொன்னது நீயா, அவனா?"

"அண்ணன்தான் முதல்ல சொன்னான்."

"அவனும் நம்பினானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் கேனைத் திறந்து அடுத்த பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். "ஆறு வருஷமா ஒரு நாள்கூட நிக்காம அவனுக்கு வேல செய்யுது" என்றார், பேட்டரியிடம் சொல்கிற மாதிரி. "குண்டாம்."

வீட்டுக்கு வந்து திருத்தினேன். திருத்தம் என்ன பெரிய திருத்தம், ஒரே ஒரு வரியைத் தூக்கிக் கடைசியில் போடுவது. பழைய புரோகிராம் எவ்வளவு நீளம் கேட்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் கொடு என்று இன்னும் நாலு வரி. பத்து நிமிஷ வேலை. அதற்காக ஒரு மனுஷனைக் கொலைகாரன் மாதிரிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை சோதிக்கும்போது புதிதாக உருவாக்கிய புரோகிராம் எதையும் தொடவில்லை. சேட்டனின் பழைய புரோகிராமையே அண்ணன் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டினேன். பூட்டிய வீடு பூஜ்யம் காட்டியது. ஹாஸ்டல் காட்டிய எண்ணை இங்கே எழுத மனசில்லை.

சனிக்கிழமை மதியம் பேக்கரி மாடியில் அண்ணனோடு உட்கார்ந்து பெட்டியில் ஏற்றினேன். மஸ்கட்காரருக்கு ரப்பர் ஷீட் தெரிந்தது. ஒவ்வொரு வீடாக வேகத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஹாஸ்டலுக்கு வேகத்தைக் குறைத்தோம். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டான். அந்த மூச்சைப் பார்த்த பிறகுதான் சொன்னேன்.

"அண்ணா, குண்டு வச்சது நானாக்கும்."

முழுசும் சொன்னேன். திருப்புறம் போனது, கத்தியது, கடிகாரம், மாறாது என்ற குறிப்பு, கடைசியில் அவர் கேட்டது, எல்லாம். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசியில் பார்க்க ஒன்றும் கிடையாது.

திருத்தத்தை எங்கள் கம்பெனியின் பொது மாற்றப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் இதே பெட்டி வைத்திருக்கிற மற்றவர்களும் தப்பிப்பார்கள். என் தப்பு என்று என் பேர் போட்டு விளக்கம் எழுதினேன். கர்னல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னவர் யார் என்று, பேரும் இமெயிலுமாகக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். அது உலகம் பார்க்க என்றைக்கும் அங்கேயே இருக்கும், அழிக்க முடியாது.

"கண்டுபிடிச்சது ஆருன்னு எழுதணும்" என்றேன். "புகார் சொன்னது நீதானே. உனக்க பேரைப் போடட்டா?"

"நான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்? நான் அவனை ஏசினேன், அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து, "அவன் பேரைப் போடு" என்றான்.

"சம்மதம் கேக்கணும். இமெயிலும் வேணும். நான் போன் பண்ணிக் கேட்டுக்கிடுதேன்."

நான் போனை எடுப்பதற்குள் அவன் தன் போனை எடுத்துவிட்டான். நம்பரை அழிக்காமல்தான் வைத்திருந்திருக்கிறான், படுபாவி. மணி போனது. அந்தப் பக்கம் எடுத்தார், ஆனால் ஹலோ சொல்லவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"எலே" என்றான். "உனக்க இமெயில் என்னவாக்கும்?"

கட் ஆகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். பிறகு அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல் வந்தது.

"பதினஞ்சு வருஷம் கூடக் கெடந்துட்டு எனக்க இமெயில்கூடத் தெரியாதாலே உனக்கு?"

"தெரியாதுடே" என்றான் அண்ணன். சொல்லும்போதே அழுதுவிட்டான். அந்தப் பக்கம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, இவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எனக்குத் திருப்பிச் சொன்னான். நான் அதைக் கடைசி வரியில் சேர்த்தேன்.